மூன்றாம் படி

மூன்றாம் படியில் நிசாந்தினி கால் வைக்கும்போதெல்லாம் மேலே படுத்திருந்த அவள் புருசன் கஜீவன் முனகினான். முதலில் தற்செயல் என்றுதான் நினைத்தாள். மார்க்கம் நகரில் வாங்கிய புது வீடு, ஐந்து மணிக்கே கவிந்துவிடும் பனிக்கால இருட்டு, ஹீற்றரின் வறண்ட காற்றுக்குள் எங்கிருந்தோ கசியும் சாம்பிராணியும் ஈரச் செங்கல்லும் கலந்த வாடை. இதற்குள் இருந்தால் மனிசருக்கு என்னதான் தோன்றாது! முதுகை அசைக்க முடியாமல் நாரிப்பிடிப்பென்று படுத்தவன் ஒரு கிழமையாக எழும்பவில்லை. டொக்டருக்கும் பிடிபடவில்லை. அவன் இல்லாமல் போய்விடுவானோ என்ற பயம் அவளைச் சாப்பிட விடவில்லை.

இன்று எண்ணெய் பூசுவதற்காகச் சட்டையைத் தூக்கினாள். முதுகு முழுக்க நீலம் பாரித்த கால்தடங்கள். பெரியவை, சின்னவை, எல்லாமே வெறுங்கால்கள்.

"இஞ்சாருங்கோ, உண்மையைச் சொல்லுங்கோ. ஜாவாவில இருந்து என்ன கொண்டந்தனீங்கள்?"

போன கோடையில் இருவரும் இமோகிரி மலைக்குப் போயிருந்தார்கள். மாதரம் ராச்சியத்து அரசர்கள் தலைமுறை தலைமுறையாக அடக்கமாகியிருக்கும் இடம். ஏறும் வழியில் ஒரு படி மட்டும் தேய்ந்து குழிந்திருந்தது. அரசருக்குத் துரோகம் செய்தவனை அதற்கடியில்தான் புதைத்தார்களாம். கும்பிடப் போகிற எல்லாரும் அவனை மிதித்தே போகவேண்டுமாம். வழிகாட்டி இதைச் சொன்னபோது கஜீவன் அது காதில் விழாமல் பின்னால் நின்று, பூவையும் புகையையும் கண்டு கோயிலென்றே கைகூப்பிக்கொண்டிருந்தான்.

"அந்தத் தேஞ்ச படியில ஒரு செங்கல் துண்டு உடைஞ்சு கிடந்தது. கோயில் மண் மாதிரித்தானே? புதுவீடு குடிபூரலுக்கு முதல்நாள் எங்கட படிக்குக் கீழ வைச்சனான். வீடு செழிக்கட்டும் எண்டு."

"எந்தப் படி?"

"மூண்டாவது."

வேலியில் போன ஓணானை மடியில் கட்டின கதை. சுத்தியலோடு கீழே ஓடினாள். அந்தப் படியைத் தாண்டிக் குதித்தாள். கார்ப்பெற்றைக் கிழித்தாள். பலகையை நெம்பினாள்.

மேலே முனகல் நின்றது.

"கஜீ?"

"இஞ்சை நிக்கிறன், நிசா."

குரல் காலடியிலிருந்து வந்தது.

பலகை விலகியது. செங்கல் இல்லை. கஜீவனின் முதுகு. மெல்ல மூச்சு விட்டது.

"மிதிக்க விடாதை."

வாசற்கதவு தானாகத் திறந்தது. குளிர். சாம்பிராணி. வெளியே பனியில் வெறுங்கால்கள், தெருமுனை வரை வரிசையாக. கும்பிடப் போகிறவர்கள்.

முதற்படி கிரீச்சிட்டது. இரண்டாம் படி.

நிசாந்தினி இரண்டு கைகளையும் அந்த முதுகின்மேல் விரித்து வைத்தாள்.

கைகளின் மேல் ஒரு கால் இறங்கியது. சில்லென்று. பாரமாக. அதன் பின்னால் அடுத்த கால்.