கார்க் கதவில் ஒரு கை

காலையில் அப்பாவின் பட்டறைக் கொட்டகையைத் திறந்த மயிலம்மாள், வாயையும் திறந்தாள். மூட மறந்துவிட்டாள்.

உள்ளே நின்ற காரின் கதவில் ஒரு கை பதிந்திருந்தது. ஐந்து விரலும் உள்ளங்கையும் செக்கச் செவேல் என்று, யாரோ ரத்தத்தில் தோய்த்து அழுத்தியதுபோல.

பின்னால் வந்த பால்காரர் அங்கமுத்து எட்டிப் பார்த்தார். சொம்பு கீழே விழுந்தது. சிந்திய பாலைப் பற்றிக் கவலைப்பட அவர் அங்கே நிற்கவில்லை. தெருமுனைக்குப் போவதற்குள் ஒரு கை இரண்டு கையானது. சந்தைக்குப் போவதற்குள் தலையில்லாத முண்டமும் சேர்ந்துகொண்டது. அங்கமுத்து இருக்கும்போது சங்ககிரிக்குத் தந்திக் கம்பி எதற்கு?

அந்தக் கார் கந்தப்பனுடையது. தோட்டமும் துரவும் உள்ளவர். ஊரே அவரைப் பண்ணாடி என்று கூப்பிடும். கார் ஓட்டக் கற்றுக்கொண்ட கையோடு அதைப் பனைமரத்தில் மோதினார். “நான் நேராத்தான் போனேன். பனைமரம் குறுக்க வந்துருச்சு” என்பார். ஊரும் நம்புவதுபோலத் தலையாட்டும்.

நசுங்கிய கதவை மயிலம்மாளின் அப்பா வேலுமணி தட்டி நிமிர்த்தினார். வெறும் இரும்பு தெரியும்வரை பழைய பெயிண்டைச் சுரண்டினார். முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு பளபளப்பு. நேற்றுச் சாயங்காலமே அதன்மேல் அடிப்பூச்சு பூசப் பிரஷை எடுத்தார். சிவப்பு ஈயப் பொடியை எண்ணெயில் குழைத்த பூச்சு அது. அதைப் பூசிவிட்டால் இரும்பு துருப்பிடிக்காது.

“நில்லு வேலுமணி. இன்னைக்குக் கரிநாள். எம் பையன் கண்ணாலத்துக்குப் போற காரு. நாளைக்கு நல்ல நேரத்துல பூசு” என்று தடுத்தவர் பண்ணாடி.

“தை மாசப் பனிங்க. இரும்பைச் சட்டை இல்லாம நிறுத்தக் கூடாதுங்க.”

“ஏன், உன்ற இரும்புக்குச் சளி புடிச்சுக்குமா?” என்று சிரித்தவரும் அவர்தான்.

இப்போது அந்தச் சிரிப்பைக் காணோம். செய்தி கேட்டு ஓடி வந்தவர் கதவைப் பார்த்ததும் நாலு அடி பின்னால் போனார். அவருக்குப் பின்னால் நின்ற ஊரும் நாலு அடி பின்னால் போனது.

“இது முனி கை” என்றார் பண்ணாடி.

“துருங்க பண்ணாடி” என்றார் வேலுமணி.

“துரு அஞ்சு விரலோட வருமா? உன்ற கொட்டகையில என்னமோ குடியிருக்குது. நாளைக்குக் காலையில மாட்டைக் கட்டிக் காரை இழுத்துட்டுப் போயிடறேன். இதுக்கப்புறம் எவன் இங்க வண்டி உடறான்னு பாக்கறேன்.”

இந்தக் கொட்டகை போனால் வேலுமணிக்கு வேறு பிழைப்பு இல்லை.

மயிலம்மாளுக்கும் பயம்தான். ஆனாலும் கண் கதவைவிட்டு நகரவில்லை. அந்தக் கையில் ஏதோ ஒன்று வேடிக்கையாக இருந்தது. நாலு விரல்கள் ஒழுங்காக நிற்க, சுண்டுவிரல் மட்டும் கூட்டத்தில் சேராத கன்றுக்குட்டிபோல விலகி வளைந்திருந்தது.

பண்ணாடி மறுபடியும் கையை நீட்டிக் கத்தினார். அந்தக் கையிலும் ஒரு கன்றுக்குட்டி விலகி நின்றது.

மயிலம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்று நடந்தது அப்படியே கண்முன் வந்தது. உப்புத் தண்ணீரில் ஊறிய நெல்லிக்காய் விற்கும் பாவாயி, பானையோடு வாசலுக்கு வந்தாள். அவள் எடுத்துக் கொடுக்கும்வரை பண்ணாடிக்குப் பொறுமை ஏது? மணிக்கட்டுவரை பானைக்குள் விட்டு, ஒரு பிடி அள்ளினார். தின்று முடித்த ஈரக் கையால் கதவைத் தட்டிக்கொடுத்து, “அட, என்ற மூஞ்சியே தெரியுதே” என்றார்.

சொல்ல வாய் எடுத்தாள். ஊர்க் கூட்டத்தைப் பார்த்தாள். இத்தனை பேர் முன்னால் மானம் போனால், பண்ணாடி அப்பாவை உயிரோடு விடுவாரா?

வாயை மூடிக்கொண்டு பாவாயியைத் தேடிப் போனாள்.

“அக்கா, பானைக்குள்ள கையை உட்டுக்கட்டுங்களா?”

“ஏஞ்சாமி, நீயும் பண்ணாடியாட்டப் பழகிட்டயா?” என்றாள் பாவாயி. ஆனாலும் மூடியைத் திறந்தாள்.

மயிலம்மாள் ஒரு இரும்புத் தகட்டைப் பளபளவென்று தேய்த்தாள். உப்புத் தண்ணீரில் நனைந்த கையை அதில் அழுத்தினாள். அன்று பொழுது சாய்ந்ததும் அதைப் பனிக் காற்று புகும் கொட்டகையில், காருக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

மறுநாள் பண்ணாடி மாடுகளோடு வந்தார். ஊரும் வேடிக்கை பார்க்க வந்தது. மயிலம்மாள் தகட்டைத் தூக்கிக் காட்டினாள். அதில் செக்கச் செவேல் என்று ஒரு சின்னக் கை.

“ஐயோ, முனி குட்டி போட்டுருச்சு” என்றார் அங்கமுத்து.

“என்ற கைதானுங்க” என்ற மயிலம்மாள், அதன்மேல் தன் கையை வைத்தாள். அச்சுப்போலப் பொருந்தியது. “நெல்லிக்கா ஊறுன உப்புத் தண்ணிங்க. வெறும் இரும்புல அது பட்டு, பனியும் பட்டா, ஒரே ராத்திரியில துருப்புடிச்சிருதுங்க. கை பட்ட எடத்துல கை மாதிரியே.”

ஒரே நேரத்தில் எல்லோருக்கும் ஒரே சந்தேகம் வந்தது.

“அப்படீன்னா கார்ல இருக்கறது யாரு கை?” என்று கேட்டார் அங்கமுத்து.

பண்ணாடியின் வலது கை மெல்லத் துண்டுக்குள் போனது.

மயிலம்மாள் அதைப் பார்த்தாள். பார்க்காததுபோல இருந்தாள். “யாரோ நெல்லிக்கா தின்னவங்க கைங்க. தின்னாத் தப்புங்களா?”

பண்ணாடி தொண்டையைக் கனைத்தார். “அதானே. தின்னா என்ன தப்பு? வேலுமணி, அந்தத் துருவைச் சுரண்டிட்டு அடிப்பூச்சைப் பூசு.”

“இப்ப ராகு காலமுங்களே?”

“ராகு இரும்பை என்ன பண்ணும்? பூசு.”

வேலுமணி துருவைச் சுத்தமாகச் சுரண்டினார், துடைத்தார், பூசினார். கதவு சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு பளிச்சென்று நின்றது. பண்ணாடிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. துண்டிலிருந்து கையை எடுத்தார்.

“பலே வேலுமணி” என்று கதவை ஓங்கித் தட்டிக்கொடுத்தார்.

பூச்சு காயவில்லை.

கையை எடுத்தபோது கதவில் ஐந்து விரல்கள் பதிந்திருந்தன. சுண்டுவிரல் மட்டும் விலகி வளைந்திருந்தது. அங்கமுத்து கதவைப் பார்த்தார், பண்ணாடியின் கையைப் பார்த்தார், மறுபடியும் கதவைப் பார்த்தார்.

“அட சாமி, முனி பட்டப்பகல்லயே வந்துருச்சே” என்றாள் பாவாயி.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. கடைசியில் பண்ணாடியும் சிரித்தார்.

மயிலம்மாள் மண்ணெண்ணெயில் நனைத்த துணியை அவரிடம் நீட்டினாள். “நல்லாத் தொடச்சு, சோப்பும் போட்டுக் கழுவிக்குங்க பண்ணாடி. அப்புறந்தான் நெல்லிக்கா.”

வேலுமணி பிரஷை எடுத்து, அந்தக் கைக்கும் ஒரு சட்டை போட்டுவிட்டார்.