கோரைத் திட்டின் பிடிமண்

தனக்கொடியின் வகுப்பில் ஒருவர்கூட அதைத் தீவு என்று ஒத்துக்கொள்ளவில்லை.

"தீவுன்னா கடல்ல இருக்கணும். உங்களுது ஆத்து நடுவுல இருக்குற மண்ணு மேடு," என்றான் முகமது ஆசிக்.

"நாலு பக்கமும் தண்ணி இருந்தா அது தீவுதான். புத்தகத்துலயே போட்டிருக்கு," என்றாள் தனக்கொடி.

"சரி, அங்க இன்னா மிருகம் இருக்குது?"

"கீரி இருக்குது. உடும்பு இருக்குது. மீன்கொத்தி, கொக்கு, ஆள்காட்டி எல்லாம் இருக்குது."

"போட்டோ வச்சிருக்கியா?"

அவற்றில் ஒன்றைக்கூட அவள் படம் எடுத்ததில்லை.

திங்கட்கிழமை பள்ளியில் 'நம்ம ஊர் உயிர்கள்' என்று படக்கண்காட்சி. ஆளுக்கு மூன்று படமாவது கொண்டுவர வேண்டும். ஆசிக் வீட்டுப் பூனையையே மூன்று பக்கமும் எடுத்து வைத்துவிட்டான். தனக்கொடிக்கு அதெல்லாம் சரிப்படாது. தன் தீவைத்தான் எடுப்பேன் என்று முடிவு செய்துவிட்டாள்.

பாகூருக்குத் தெற்கே, தென்பெண்ணை ஆற்றின் நடுவே இருக்கிறது கோரைத் திட்டு. தனக்கொடி பிறந்தது அங்கேதான். ஏழு வீடு, ஒரு கிணறு, இரண்டு பனைமரம், பச்சைவாழியம்மனுக்கு ஒரு சின்னக் கோயில். அவளுக்கு எட்டு வயதாக இருந்தபோது புயலோடு வெள்ளம் வந்தது. எல்லோரையும் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். உயிர் தப்பியது. வீடுகளும் கோயிலும் போய்விட்டன. ஏழு குடும்பமும் கரையிலேயே தங்கிவிட்டன.

இப்போது அவளுடைய அப்பா மணிவண்ணன் மட்டும் மாட்டுக்குப் புல் அறுக்க தினமும் திட்டுக்குப் போய்வருவார். பங்குனி மாதத்தில் ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான்.

வியாழக்கிழமை விடிந்ததும் தனக்கொடியும் அவரோடு போனாள். கையில் அப்பாவின் போன்.

ஒரு கொக்கைக் குறிவைத்து மெல்ல நடந்தாள். அவ்வளவுதான். எங்கிருந்தோ ஓர் ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேலே வந்து கத்த ஆரம்பித்தது. கொக்கு பறந்துவிட்டது. உடும்பு புதருக்குள் ஓடிவிட்டது. திட்டு முழுக்கத் தண்டோரா போட்டதுபோல் ஆகிவிட்டது.

"சும்மா இரேன்! நானும் இந்த ஊருதான்!" என்று தனக்கொடி கத்தினாள். குருவி அதைவிடச் சத்தமாகக் கத்தியது.

அலுத்துப்போய் ஓரமாக உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் குருவி தரையில் இறங்கியது. நாலடி ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. பிறகு வெறும் தரையில் உடம்பைத் தாழ்த்தி உட்கார்ந்துகொண்டது.

அது மறுபடி எழுந்தபோது எட்டிப் பார்த்தாள். அங்கே கூடும் இல்லை, குச்சியும் இல்லை. கூழாங்கற்களுக்கு நடுவே மண் நிறத்தில் நாலு முட்டை. எட்ட நின்று பார்த்தால் அதுவும் கல் மாதிரியே தெரிந்தது.

"ஓ, அதுக்குத்தான் கத்துனியா?" என்றாள் தனக்கொடி. கோபம் போய்விட்டது.

வெள்ளியும் சனியும் அவள் அதையே பழகினாள். குருவி கத்தினால் நின்றுவிடுவாள். வேறு எங்கேயோ பார்ப்பதுபோல் உட்கார்ந்துவிடுவாள். அது அமைதியானதும் நாலடி நகர்வாள். சனிக்கிழமை பத்தடி தூரத்தில் இருந்து, முட்டைமேல் உட்கார்ந்திருந்த குருவியை எடுத்துவிட்டாள். ஒரு கீரியும் மீன்கொத்தியும்கூடக் கிடைத்தன.

மூன்று படமும் ஆகிவிட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேறொரு வேலை வந்தது.

கரையில் பச்சைவாழியம்மனுக்குப் புதுக் கோயில் கட்டப் போகிறார்கள். பழைய கோயில் இருந்த இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து, புது இடத்தில் வைத்துத்தான் ஆரம்பிக்க வேண்டும். அதுதான் பிடிமண். அது இல்லாவிட்டால் அம்மன் நம்மோடு வரமாட்டாள் என்பார்கள்.

ஏழு குடும்பமும் ஆற்றில் இறங்கித் திட்டுக்கு நடந்தது. பூசாரி சுப்புராயன் மஞ்சள் துணியோடு முன்னால் போனார். பின்னால் பம்பை மேளம் அடிக்கும் கலைவேந்தன்.

அங்கே போனதும் எல்லோரும் முழித்தார்கள். பனைமரங்களையும் கிணற்றையும் தவிர எல்லாவற்றையும் வெள்ளம் வழித்துவிட்டிருந்தது. கோயில் இருந்த இடத்தில் ஒரு செங்கல்கூட இல்லை.

"இங்கதான்," என்றார் பூசாரி.

"இன்னா சொல்றீங்க? அது எங்க வூட்டு வாசலு. கோயிலு அந்தாண்ட," என்றார் கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் இருந்த விருத்தாம்பாள்.

"எட்டே முக்காலுக்குள்ள எடுக்கணும். அதுக்கப்புறம் நல்ல நேரம் கிடையாது," என்றார் பூசாரி. முப்பது வருடம் விளக்கேற்றிய இடம் தெரியவில்லையே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

தனக்கொடி அப்பாவின் போனில் பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒன்று கிடைத்தது. கோயில் வாசலில் ஆட்டுக்குட்டியோடு அவள் நிற்கிற படம். பின்னால் இரண்டு பனைமரமும் ஒன்றை ஒன்று மறைத்து ஒரே மரமாகத் தெரிந்தன. பக்கத்தில் கிணற்றுச் சுவர்.

போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நடந்தாள். இரண்டு பனையும் ஒன்றாகிற இடத்தில் நின்றாள். கிணறும் படத்தில் இருந்த அதே பக்கம் வந்தது. கோயில் இதற்கு நேர் முன்னால் பத்தடியில் இருந்திருக்க வேண்டும்.

நிமிர்ந்து பார்த்தாள். அங்கே ஆள்காட்டி உட்கார்ந்திருந்தது.

சொன்னால் ஐம்பது பேர் பம்பையோடு அங்கே போய் நிற்பார்கள். நாலு முட்டையும் யார் காலிலாவது மிதிபடும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. எங்கேயாவது ஒரு பிடி மண்ணை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

பூசாரியைப் பார்த்தாள். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரை ஏமாற்ற அவளுக்கு மனசு வரவில்லை.

"பூசாரி தாத்தா, எடம் எனக்குத் தெரியும். ஆனா பம்பை அடிக்கக் கூடாது. யாரும் கிட்ட வரக் கூடாது."

"இன்னாடி இது, சாமி காரியத்துல கண்டிசன் போட்டுகினு?" என்றார் விருத்தாம்பாள்.

தனக்கொடி பழைய படத்தைக் காட்டினாள். பிறகு நேற்று எடுத்த குருவிப் படத்தையும் காட்டினாள்.

"பிடிமண்ணுன்னா ஒரு பிடிதானே தாத்தா? அதுக்கு ஒரு ஆளு போதும். நான் மூணு நாளா அதுகிட்ட பழகிகினு இருக்கேன். கூட்டமா போனா அது திரும்பி வந்து உக்காராது. வெயில்ல முட்டை வெந்துடும்."

பூசாரி இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கைக்கடிகாரத்தையும் பார்த்தார். எட்டு முப்பது.

"ஆத்துல ஒரு முங்கு முங்கிட்டு வா," என்றார்.

முங்கிவிட்டு ஓடிவந்தாள். அவள் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டி, மஞ்சள் துணியைக் கையில் கொடுத்தார். அவள் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, யாரும் ஆடக் கூடாது, அசையக் கூடாது, பேசக் கூடாது என்றாள். எல்லோரும் கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

தனக்கொடி நடந்தாள். குருவி கத்தியது. நின்றாள். பாவாடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, ஆற்றை வேடிக்கை பார்ப்பதுபோல் உட்கார்ந்தாள். குருவி அடங்கியது. நாலடி நகர்ந்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

"இப்பிடிப் போனா நாளைக்குத்தான்," என்று முணுமுணுத்தார் கலைவேந்தன்.

"நீ வாயையும் பம்பையையும் மூடு," என்றார் விருத்தாம்பாள்.

கடைசி மூன்றடி இருக்கும்போது குருவி எழுந்து பறந்தது. தனக்கொடி முட்டைகளுக்கு ஒரு முழம் தள்ளிக் குனிந்தாள். 'அம்மா தாயே, எங்ககூட வந்துடு' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, ஒரு பிடி மண்ணைத் துணியில் அள்ளினாள். திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்தாள்.

அவள் கிணற்றை எட்டுவதற்குள் குருவி இறங்கிவந்து முட்டைமேல் உட்கார்ந்துகொண்டது. பூசாரி அந்தத் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மணி எட்டு நாற்பத்து மூன்று.

"அத்த என்கிட்ட குடுக்காத. எடுத்தவதான் சுமக்கணும். தலையில வெச்சிகினு முன்னால நட," என்றார்.

ஐம்பது பேரும் அடிமேல் அடி வைத்து ஆற்றில் இறங்கினார்கள். கலைவேந்தன் பம்பையைச் சத்தம் வராமல் வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்தார். கரை ஏறியதும் அதுவரை அடக்கியதற்கெல்லாம் சேர்த்து அடித்தார் பாருங்கள், காது அடைத்துவிட்டது!

அந்தச் சத்தத்திலும் தனக்கொடிக்கு ஒரு ஞாபகம் வந்தது.

"அப்பா! போனு உன்கிட்ட தானே குடுத்தேன்? நான் மண்ணு எடுத்தப்ப போட்டோ எடுத்தியா?"

மணிவண்ணன் தலையைச் சொறிந்தார்.

"ஆடாத, அசையாத, பேசாதன்னு நீதானே சொன்ன? நான் பயத்துல மூச்சே வுடல. போட்டோ எங்கடி எடுக்கறது?"

தலையில் இருந்த மண் சிந்திவிடாமல் சிரிப்பதுதான் தனக்கொடிக்குப் பெரிய பாடாக இருந்தது.