கண்ணுக்கு மை இட்ட பிணம்

பிணம் கண்ணுக்கு மை இட்டிருந்தது.

இரண்டு கண்ணுக்கும். மேல் இமை, கீழ் இமை, கோடு பிசகாமல்...

தஸ்கோமிர் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போகும் சாலையில், பஸ் நிறுத்தத்துக்கு ஐம்பது அடி தள்ளி, பனி கரைந்த சேற்றில் மல்லாந்து கிடந்தார் சபர்பெக். வயது நாற்பத்தேழு. சுரங்கத் தொழிலாளி. முகம் பளிச்சென்று இருந்தது. தலைமுடியில் சோப்பு வாசனை. கோட்டின் மேல் டயர் தடம். கோட்டுக்குள்ளிருந்து வோட்கா நெடி.

காலை ஆறு மணி. மார்ச் மாதம். எங்கள் ஊர் மார்ச் காற்று, ஓர் ஆட்டின் கம்பளியைப் பிய்த்து அடுத்த ஆட்டுக்குப் போட்டுவிடும். கணக்குத் தெரியாத மேய்ப்பர்கள் இதனால் பலமுறை சண்டை போட்டிருக்கிறார்கள்.

இன்ஸ்பெக்டர் தௌலெத் தொப்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நகரத்திலிருந்து மாற்றலாகி வந்து பதினாறு நாள்தான் ஆகிறது.

"இது என்னய்யா, ஆம்பளை கண்ணுல மை?"

பக்கத்தில் நின்றவன் ஒராஸ். சுரங்கக் கம்பெனியின் காவல் தலைவன்.

"பார்த்ததை எழுதிக்கங்க சார்."

"எழுதினா ஆபீஸ்ல என்னைப் பார்த்துச் சிரிப்பானுங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும் சார். எழுதிக்கங்களேன்."

இன்ஸ்பெக்டர் எழுதவில்லை. மூன்றே வரியில் ரிப்போர்ட்டை முடித்தார். குடித்துவிட்டு நடந்தார். வண்டி அடித்தது. வண்டி நிற்கவில்லை.

அப்போது சுரங்க டைரக்டர் ஐதர்பெக்கிடமிருந்து போன் வந்தது. உடலை உடனே வீட்டுக்குக் கொடுத்துவிடலாமே, பாவம் குடும்பம், என்றார். இன்ஸ்பெக்டருக்கும் பசி எடுத்திருந்தது.

கொடுத்துவிட்டார்கள்.

ஏழு நாற்பதுக்கு விளக்கு அறையில் போன் அலறியது.

கீழே இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் தலைவிளக்கை எடுத்துக் கொடுப்பதும், மேலே வந்ததும் திரும்ப வாங்கி மாட்டுவதும் கதிஷாவின் வேலை. இருபத்தாறு வருடமாக. வயது ஐம்பத்து நாலு. முன்வரிசையில் இரண்டு தங்கப் பல். அவள் சிரித்தால் அறையில் ஒரு பல்பை அணைத்துவிடலாம். தொழிலாளர் சங்கத் தலைவியும் அவள்தான்.

"விளக்கு அறை."

"சபர்பெக்கைக் கழுவறதுக்கு முன்னாடி..." கம்பளியைக் கடித்துக்கொண்டு பேசுகிற குரல். "அவன் கண்ணைப் பாருங்க."

"யார் பேசறது?"

"கழுவறதுக்கு முன்னாடி."

டொக்.

கதிஷா பையை எடுத்தாள். கோட்டை மறந்தாள். நடந்தாள்.

செத்துப்போனவர் வீட்டு வாசலில், விருந்துக்கு அறுக்க ஒரு குதிரை கட்டியிருந்தது. பக்கத்தில் நாலு ஆடு. முற்றத்தில், உடலைக் கிடத்தப் புத்தம் புதுக் கம்பளிக் கூடாரம். எல்லாம் கம்பெனி உபயம். பகல் பன்னிரண்டுக்குள் அடக்கம், அதற்குப் பிறகு விருந்து, அதுவும் கம்பெனி ஏற்பாடு. கையுறை கேட்டால் ஆறு மாதம் யோசிக்கிற கம்பெனி, காலை எட்டரைக்குள் ஒரு குதிரையைக் கொடுத்திருந்தது.

இரண்டு மணி ஷிப்டின் நாற்பத்தொரு பேரும் முற்றத்தில் டீக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். துக்கம் விசாரித்துவிட்டு நேரே வேலைக்குப் போகிறவர்கள்.

வாசலில் ஒராஸ் நின்றான்.

"என்னக்கா, சங்கத்துல இன்னும் அதே காலண்டர்தான் கொடுக்கறீங்களா?"

"ஏன், உனக்கு வேணுமா?"

"எனக்கு நாள் தெரியும்க்கா." இடது கையை உயர்த்திக் காட்டினான். மூன்று விரல்.

ஒராஸ் பதினொரு வருடம் சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவன். ஒருநாள் இயந்திரம் இரண்டு விரலை வாங்கிக்கொண்டது. தப்பு முழுக்க அவனுடையது என்று கம்பெனி எழுதியது. மறுத்துப் பேச விசாரணை அறையில் யாரும் இல்லை. ஒரு காலண்டருக்காகவா சங்கத்தில் சேருவார்கள் என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவன் அவன். பிறகு அதே கம்பெனி அவனுக்குக் காவல் தலைவன் தொப்பியைக் கொடுத்தது. தொப்பிக்கு விரல் தேவையில்லை.

"உங்களை உள்ளே விடக்கூடாதுன்னு டைரக்டர் உத்தரவு."

"அப்போ தடு."

ஒராஸ் அவளைப் பார்த்தான். கூடாரத்தைப் பார்த்தான். குனிந்தான்.

"லேஸ் அவுந்துடுச்சு. ஒரு நிமிஷம்."

கதிஷா உள்ளே போய்விட்டாள்.

அவன் போட்டிருந்தது லேஸே இல்லாத பூட்ஸ்.

கூடாரத்துக்குள் நாகிமா உட்கார்ந்திருந்தாள். சபர்பெக்கின் மனைவி. அழுது முடித்த கண்.

"வா கதிஷா. மிட்டாய்ப் பை கொண்டு வந்தியா? பத்தொன்பது வருஷம் சந்தா கட்டினான். வருஷத்துக்கு ஒரு காலண்டர், புது வருஷத்துக்கு ஒரு பை மிட்டாய். இன்னிக்கு எது?"

கதிஷா முகத்தை மூடியிருந்த துணியை விலக்கினாள்.

பார்த்தாள்.

நீண்ட நேரம் பார்த்தாள்...

"நாகிமா, உன் வீட்டுத் தலையணை உறை என்ன கலரு?"

சுற்றியிருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி தண்ணீர் கொண்டுவர எழுந்தாள்.

"வெள்ளை," என்றாள் நாகிமா. "ஏன்?"

"சுரங்கத்துக்காரன் வீட்டுல வெள்ளையா?"

"எங்க வீட்டுல வெள்ளைதான். கண்ணுல கரி இருந்தா என் படுக்கையில ஏறக்கூடாதுன்னு முதல் நாளே சொல்லிட்டேன். குளிச்சு முடிச்சதும் வெண்ணெயைப் பஞ்சுல தொட்டுக்கிட்டு, கால் மணி நேரம் இமையைத் துடைப்பான். அதனாலேயே தினம் கடைசி பஸ்ஸுதான். ஊரே கேலி பண்ணும். அவன் ஒருநாள்கூட..."

பேச்சை நிறுத்தினாள்.

எழுந்தாள். குனிந்தாள். கணவனின் இமையை விரலால் தொட்டாள். விரலைத் திருப்பிப் பார்த்தாள்.

கருப்பு.

நிலக்கரித் தூள் இமை மயிரின் வேரில் போய் உட்கார்ந்துகொள்ளும். சோப்புக்கு அசையாது. தண்ணீருக்குச் சிரிக்கும். கொழுப்பு போட்டுத் துடைத்தால்தான் இறங்கும். இது எங்கள் ஊரில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். மேஜைக்குப் பின்னாலேயே இருப்பவர்களுக்குத் தெரியாது.

"இவன் குளிக்கல," என்றாள் நாகிமா. குரல் உயரவில்லை. "இவனைக் குளிப்பாட்டியிருக்காங்க."

கூடார வாசலில் முல்லா தண்ணீர்க் குடத்தோடு நின்றார். நாகிமா அவர் கையிலிருந்து குடத்தை வாங்கினாள். வெளியே போய்க் குதிரைக்கு வைத்தாள். குதிரை குடித்தது.

"என் புருஷனை யாரும் கழுவக்கூடாது."

டைரக்டர் ஐதர்பெக் நாற்காலியிலிருந்து எழுந்தார். அந்த முற்றத்தில் இருந்தது ஒரே நாற்காலி. அதுவும் அவரே கொண்டு வந்தது.

"அம்மா துக்கத்துல இருக்காங்க. கதிஷா, இவங்களைக் கொஞ்சம் உள்ளே கூட்டிட்டுப் போ."

"பஸ் ஸ்டாப்புல செத்தவன் கண்ணுல கரி எப்படி சார் வந்துது?"

"காத்துல பறந்து வந்திருக்கும்."

தரையில் உட்கார்ந்திருந்த தொக்தார் கிண்ணத்தைக் கீழே வைத்தான். எருமை அளவு ஆள். சங்கத்தில் இல்லாதவன். பன்னிரண்டு வருடமாகக் கேட்டும் சேராதவன்.

"அதே காத்துதானே சார் உங்க மேலயும் அடிக்குது? உங்க கண்ணு மட்டும் எப்படி மாவு மாதிரி இருக்கு?"

யாரோ இருமினார்கள். இருமல் மாதிரி இருந்த சிரிப்பு அது.

டைரக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரெண்டு மணிக்குச் சுரங்கத்துல நாலாவது பாதையில ஷிப்ட். வர்றவன் வரலாம். வராதவன் இனிமே எப்பவும் வர வேண்டாம்."

"நாலாவது பாதைதானே?" கதிஷா நாற்பத்தொரு பேர் பக்கம் திரும்பினாள். "நேத்து சபர்பெக் வேலை பார்த்ததும் அங்கேதான். அங்கே செத்தவனைத் தூக்கிட்டு வந்து ரோட்டுல போட்டிருக்காங்க. எதுக்கு? அவனைக் கொன்னது இன்னும் அங்கேயே இருக்கு. அது வெளியே தெரிஞ்சா பாதையை மூடணும். ரெண்டு மணிக்கு அது உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கு."

பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தாள். டீக்கறை படிந்த அட்டை. சங்கமும் கம்பெனியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்.

"பத்தொன்பதாம் பக்கம். உறுப்பினர் செத்தா, செத்த இடத்தைச் சங்கம் போய்ப் பார்க்கணும். சங்கம் கையெழுத்துப் போடாம அங்கே ஒருத்தன் கால் வைக்கக்கூடாது."

டைரக்டர் புன்னகைத்தார். அவர் படித்தவர். இருபதாம் பக்கத்தையும் படித்திருந்தார்.

"அடுத்த பக்கத்தையும் வாசி. அந்த ஷிப்ட்ல பாதிக்கு மேல உறுப்பினரா இருந்தாத்தான் அது செல்லும். நாற்பத்தொண்ணுல உன் ஆளுங்க எத்தனை பேர்?"

"பதினேழு."

"பாவம்," என்றார் டைரக்டர்.

இன்னும் நாலு பேர் வேண்டும்.

நாற்பத்தொரு பேரும் தத்தம் டீயை உற்றுப் பார்த்தார்கள். டீயில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

தொக்தார்தான் வாயைத் திறந்தான். "கையெழுத்துப் போட்டா எனக்கு என்னக்கா கிடைக்கும்?"

"காலண்டர்."

"அப்புறம்?"

"நாளைக்கு நீ செத்தா, உன் கண்ணைப் பார்க்க ஒருத்தி வருவா."

தொக்தார் தலையைச் சொறிந்தான்.

"சாகாம இருக்கணும்னா?"

"அதுக்குத்தான் இன்னும் நாலு பேர் வேணும்னு நிக்கறேன்."

நாகிமா வீட்டுக்குள் போனாள். சுவரில் மாட்டியிருந்த சங்கக் காலண்டரைக் கழற்றி வந்தாள். பன்னிரண்டு தாள். பின்பக்கம் வெள்ளை.

"இதுல போடுங்க. பத்தொன்பது வருஷமா இது எதுக்குன்னு எனக்குத் தெரியாம இருந்துது."

"ஒராஸ்," என்றார் டைரக்டர். "நோட்டை எடு. எவன் எவன் போடறானோ, பேரை எழுது. ஒருத்தன்கூட விடாதே."

ஒராஸ் நோட்டை எடுத்தான். மூன்று விரலால் பிடித்துக்கொண்டு எழுத ஆரம்பித்தான்.

தொக்தார் எழுந்தான். ஜனவரியின் முதுகில் கையெழுத்துப் போட்டான்.

"என் பேரைத் தப்பில்லாம எழுது ஒராஸ். ரெண்டு வருஷமா சம்பளச் சீட்டுல தப்பாத்தான் வருது."

அவனுக்குப் பின்னால் இன்னொருவன். பிப்ரவரிக்கு இரண்டு பேர். மார்ச்சுக்கு இரண்டு பேர். நாலு பேர் போதும் என்று கதிஷா சொல்லிப் பார்த்தாள். வரிசை காதில் வாங்கவில்லை. டிசம்பர் முடிந்தபோது இருபத்து நாலு பேர். ஒராஸ் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டே இருந்தான். இருபத்து நாலு பேருக்கு ஏழு பக்கம் ஆயிற்று.

இரண்டு மணி.

சுரங்க லிஃப்ட் கூண்டில் ஷிப்ட் இறங்கவில்லை. கதிஷா இறங்கினாள். தொக்தார் இறங்கினான். சாட்சிக்கு இன்ஸ்பெக்டர் தௌலெத்தையும் இறக்கினார்கள். அவர் வரமாட்டேன் என்றார். நாகிமா அவரை வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றாள். வந்தார்.

நாலாவது பாதையின் முனையில், சுவரில், வாயு மீட்டர். விஷம் சேர்ந்தால் கத்த வேண்டிய மீட்டர். கத்தினால் இயந்திரம் தானாக நின்றுவிடும். அடிக்கடி நின்றால் டைரக்டரின் மாத இலக்கும் நின்றுவிடும்.

அதன் வாயைப் பிளாஸ்டிக் பையால் மூடி, டேப் போட்டுக் கட்டியிருந்தார்கள்.

டேப்பின் ஒரு முனை பாதி பிரிந்து தொங்கியது. யாரோ அவிழ்க்கப் பார்த்திருக்கிறார்கள்...

கதிஷாவின் கையிலிருந்த சின்ன மீட்டர் வீறிட்டது.

"இது என்ன சத்தம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஓடுங்க சார்னு அர்த்தம்."

இன்ஸ்பெக்டர் ஓடினார். அந்தச் சுரங்கப் பாதையில் அவ்வளவு வேகமாக ஓடிய மனிதர் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவருடைய தொப்பி மறுநாள்தான் மேலே வந்தது.

நாலு மணிக்கு டைரக்டர் ஐதர்பெக் ஜீப்பில் ஏறினார். போலீஸ் ஜீப்பில். நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டார்.

ஐந்து மணி.

விளக்கு அறையில் கதிஷா தனியாக இருந்தாள். சபர்பெக்கின் நூற்றுப்பதினெட்டாம் நம்பர் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது.

ஒராஸ்.

உள்ளே வந்து கதவைச் சாத்தினான். வலது கை கோட்டுக்குள் இருந்தது.

கதிஷா விளக்கின் பாட்டரியை இறுகப் பிடித்தாள். மூன்று கிலோ. மண்டைக்குப் போதும்.

"அக்கா... அவனைக் குளிப்பாட்டினது நான்."

பாட்டரி மெல்ல உயர்ந்தது.

"ஷிப்ட் முடிஞ்சு எல்லாரும் மேலே வந்துட்டாங்க. இவன் மட்டும் மீட்டரை அவிழ்க்கறேன்னு நின்னிருக்கான். காத்தில்லாம விழுந்துட்டான். டைரக்டரும் நானும்தான் தூக்கினோம். குளியலறை வாசல்ல வாட்சைப் பார்த்துக்கிட்டே நின்னாரு. முகம் கழுவியாச்சு, தலை கழுவியாச்சு, போதும்னாரு."

"பதினொரு வருஷம் கீழே இருந்தவன் நீ. கண்ணு எப்படித் துடைக்கணும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா."

கதிஷாவின் கை அந்தரத்தில் நின்றது.

"வெண்ணெய்கூட அங்கேயே இருந்துது," என்றான் ஒராஸ். "அவனோட அலமாரியில. பஞ்சும் இருந்துது. தொடல. காலையில இன்ஸ்பெக்டரை எழுதிக்கச் சொன்னேன். அந்த ஆளு எழுதல. அதான் போன் பண்ணினேன்."

கோட்டுக்குள்ளிருந்து கையை எடுத்தான்.

நோட்டு.

கதிஷா பிரித்தாள். முற்றத்தில் எழுதிய ஏழு பக்கம். அதில் தொக்தாரின் பெயர் இல்லை. இருபத்து நாலு பேரில் ஒருவர் பெயரும் இல்லை. மீட்டரை யார் கட்டச் சொன்னது, யார் கட்டியது, பிணத்தை யார் தூக்கியது, எந்த வண்டியை அதன்மேல் ஏற்றியது... எல்லாம் இருந்தது. கடைசியில் கையெழுத்து. ஒராஸ்.

"இதைக் கொடுத்தா நீயும் உள்ளே போவே."

"தெரியும். பிணத்தைத் தூக்கிப் போட்டவன் நான்." தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தான். "போறதுக்கு முன்னாடி ஒரு படிவம் கொடுங்கக்கா. சேந்துக்கறேன். ஜெயிலுக்கெல்லாம் சங்கம் வருமா?"

கதிஷா பாட்டரியை இறக்கி வைத்தாள். மேஜை டிராயரைத் திறந்து படிவத்தை எடுத்தாள். அன்றைக்கு முதல்முறையாக இரண்டு தங்கப் பல்லும் தெரிந்தன.

"வருவோம்டா. கையில காலண்டரோட. அங்கே போனா உனக்கும் நாள் எண்ண வேண்டியிருக்கும்."