பன்னிரண்டு நோவு

காலைக் கஞ்சிக்கு முன் துயரம் அளப்பார்கள். தூத்துக்குடிக்குக் கிழக்கே கடலில் நின்ற மிதவைச் சிறையில் அது பல் துலக்குவது போன்ற வழக்கம். கைதிகள் வரிசையாக வந்து குனிவார்கள். பின்கழுத்தின் தோலுக்கடியில் பதித்த துயர்மானி, காவலர் கையிலிருந்த அளவியில் எண்ணைக் காட்டும்.

அன்று முன்னால் நின்றவனுக்குக் கண் வீங்கியிருந்தது. ஆனாலும் அவசரப்பட்டான்.

"ராத்திரி எங்கய்யா தவறிட்டாரு சார். எவ்வளவு ஏறியிருக்குன்னு பாருங்க."

"நாலு," என்றார் காவலர் லூர்து மிராண்டா. "முடிஞ்சிட்டுல ஒனக்கு. கிளம்பு."

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "குடுத்து வச்சவன். நமக்குச் சாகக்கூட ஆளில்ல."

அடுத்து இசக்கிச்செல்வன் குனிந்தான். நேற்றைய எண்தான்.

சம நோவுச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் நல்லவர்கள். மெத்தையில் வளர்ந்தவனுக்கும் கட்டாந்தரையில் வளர்ந்தவனுக்கும் ஒரு நாள் சிறை ஒன்றாகுமா என்று கேட்டார்கள். ஆகவே காலத்தை விட்டுவிட்டுத் துன்பத்தை அளந்தார்கள். சராசரி மனிதன் ஒரு மாதச் சிறையில் படும் துன்பம் ஒரு நோவு. குற்றத்துக்குத் தகுந்த நோவு நிறைந்த கணத்தில் விடுதலை. உள்ளே மகிழ்ந்தால் அந்த அளவு கழியும். அடிக்கவோ பட்டினி போடவோ யாருக்கும் உரிமையில்லை.

உப்பாலை அதிபரின் மகன் ரகுநந்தன் நடைபாதையில் வண்டியை ஏற்றினான். இசக்கியின் மனைவி பொன்மாரி இறந்தாள். அதற்கு நூற்றிருபது நோவு. தீர்ப்பு நாளில் நீதிமன்ற வாசலில் நின்ற அந்த வண்டியின் கண்ணாடியை இசக்கி கல்லால் உடைத்தான். அதற்கு அன்றே பன்னிரண்டு விதித்தார்கள். உயிருக்குப் பத்துப் பங்கு, கண்ணாடிக்கு ஒரு பங்கு. நியாயமான விகிதம் என்று பத்திரிகைகள் எழுதின.

இருவரும் ஒரே படகில் வந்து இறங்கினார்கள். ரகுநந்தன் முதல் நாளே கழிப்பறைக்குக் கதவு இல்லையென்று அழுதான். பிறகு கஞ்சிக்கு அழுதான், புழுக்கத்துக்கு அழுதான். நடிக்கவில்லை. துயர்மானியிடம் நடிக்க முடியாது. மூன்று வாரத்தில் நூற்றிருபதும் நிறைந்து வீட்டுக்குப் போய்விட்டான்.

இசக்கிக்கு எதுவும் வலிக்கவில்லை. தரை தரையாக இருந்தது. கஞ்சி கஞ்சியாக இருந்தது. பொன்மாரிக்கான துயரம் கணக்கில் வராது. உள்ளே வருபவனிடம் ஏற்கெனவே இருக்கும் துயரத்தைப் பூஜ்யமாக வைத்துத்தான் மானியைப் பூட்டுவார்கள். கருவி பழுது என்று வக்கீல் மனு போட்டார். கருவி பழுதில்லை, கைதி ஒத்துழைக்கவில்லை என்று பதில் வந்தது.

அவனை அசைத்தது ஒன்றுதான். மாதம் ஒருமுறை பொன்மாரியின் அக்கா சிவகனி, நடக்கப் பழகாத அவன் மகள் முத்தரசியைத் தூக்கிக்கொண்டு வருவாள். குழந்தை அவன் மூக்கைப் பிடித்து இழுத்துச் சிரிக்கும். மறுநாள் காலை அளவி இறங்கியிருக்கும்.

"தம்பி, பிள்ளையக் கூட்டிட்டு வர வேண்டாம்னு சொல்லிருங்க," என்றார் மிராண்டா. "அவ சிரிக்கா, நீங்க இறங்குதிய. இப்படியே போனா அவ கல்யாணத்துக்குக்கூட வெளிய வர மாட்டிய."

"வராட்டி ஏறுமா சார்?"

"ஏறாட்டியும் இறங்காதுல்லா."

மகளோடு வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காக மகளை வர வேண்டாம் என்றான். நான்கு ஆண்டில் ஆறு நோவு சேர்ந்தது.

ஒரு நாள் சிவகனி சொல்லாமல் வந்தாள். அவள் விரலைப் பிடித்துக்கொண்டு, இரட்டைச் சடை போட்ட சிறுமி நின்றாள்.

"அவுகளுக்கு மஸ்கட்ல வேல கிடைச்சிருக்கு தம்பி. அடுத்த வாரம் கிளம்புதோம். இவள எங்க விட்டுட்டுப் போவ? ஒரு தடவ காட்டிட்டுப் போவோம்னு..."

சிறுமி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சிவகனியின் சேலையை இழுத்தாள்.

"அம்மா, இந்த மாமா யாரு?"

இசக்கியின் கழுத்தில் மானி கூவியது. அவனுக்குப் பின்னால் சிறைக்கதவு தானாகத் திறந்தது.

மிராண்டா ஓடிவந்தார். "நிறைஞ்சிட்டு தம்பி! பன்னெண்டும் நிறைஞ்சிட்டு! இனி வீட்டுக்குப் போலாம்!" அவர் கண்கள் கலங்கியிருந்தன. உண்மையாகவே மகிழ்ந்தார்.

திரும்பும் படகு ஒன்றுதான். இசக்கி சிறுமிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இடைவெளி விட்டு உட்கார்ந்தான். கரை வந்ததும் அவளிடம் சொல்லிவிடலாம் என்று வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தான். சிவகனிக்கு மறுபக்கம் சிறைச் சமையலறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் இருந்தாள். அவள் குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தியது போதவில்லை.

"அந்தாளு என்ன செஞ்சான்க்கா?"

"கண்ணாடிய ஒடச்சாரு."

"எத்தன வருசம் இருந்தான்?"

"நாலு."

"கண்ணாடிக்கு நாலு வருசமா? போங்கக்கா. வேற என்னமோ பெருசா செஞ்சிருக்கான். உப்பாலக்காரர் மவன் ஆளக் கொன்னுட்டான்னு ஊரே சொல்லிச்சி. மூணே வாரத்துல விட்டுட்டாவ. தப்பு செஞ்சிருந்தா விட்டிருப்பாவளா?"

சிவகனி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சிறுமியின் சடையைப் பார்த்தாள். காலையில் அவள் பின்னிவிட்ட சடை. வாயை மூடிக்கொண்டாள்.

"பிள்ளைய ஏன் அவன் பக்கத்துல வச்சிருக்கிய? இங்கிட்டு உக்கார வைங்க," என்றாள் அந்தப் பெண்.

சிவகனி சிறுமியைத் தூக்கி அந்தப் பக்கம் உட்கார வைத்தாள்.