கேபிள் மாட்டாத ஸ்கேனர்

வேலை மேசையில் கிடந்த, கார் கோளாறைக் காட்டும் ஸ்கேனரில் வெளிச்சம் வந்தபோது டாக்டர் டீயை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தான். அந்தக் கருவிக்குத் தனியாக பேட்டரி கிடையாது. காரின் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் கேபிளைச் செருகினால்தான் அதற்கு உயிர் வரும். இப்போது கேபிளின் முனை தரையில் சும்மா கிடந்தது. மெக்கானிக் ஷெட்டில் ஒரு வண்டியும் இல்லை.

வண்டிகளின் நோயைச் சட்டென்று சொல்லிவிடுவதால் தெருவே அவனை டாக்டர் என்றது. அவனுக்கும் அதில் தலைகால் புரியாத பெருமை. தகரக் கூரையில் மழை விடாமல் தட்ட, கிரீஸும் ஈரச் சாக்கும் கலந்த வாடை மூக்கில் ஏற, அவன் மெல்லக் குனிந்து திரையைப் பார்த்தான். ஒரு ஃபால்ட் கோட், வண்டியின் கோளாறைச் சொல்லும் குறியீடு. பெட்ரோல் அழுத்தம் குறைவு. காலையில் தங்கையின் காரில் அவன் அழித்த அதே கோட்.

அது வந்தால் பானெட்டைத் திறந்து, பெட்ரோல் குழாய் எங்கே கசிகிறது என்று தேட வேண்டும். அரை நாள் வேலை. நம்ம தங்கச்சி வண்டிதானே, ஊருக்குப் போய்விட்டு வரட்டும் என்று பட்டனை அழுத்தி அழித்துவிட்டான். டாஷ்போர்டில் எரிந்த எச்சரிக்கை லைட் அணைந்தது. பின் சீட்டிலிருந்த தங்கை மகள், அவன் மருமகள், கைதட்டினாள். "சென்சார் பண்ற சேட்டைம்மா, சரி பண்ணிட்டேன்" என்று வாய் கூசாமல் சொன்னான்.

இப்போதும் அழித்தான். மறைந்தது. மறுபடி வந்தது. கீழே இன்னொரு வரி: வண்டியின் வேகம். அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, யாரோ மலைப்பாதையில் ஓட்டுவதுபோல.

தங்கைக்குப் போன் போட்டான்.

"மாமா! அம்மா ஓட்டுறாங்க. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்" என்றாள் மருமகள்.

"என்னண்ணே?" தங்கையின் குரல் தூரத்தில் கேட்டது. "வண்டி சும்மா பறக்குது. நீ பார்த்த வண்டியாச்சே, அந்த தைரியத்துலதான் இவளையும் கூட்டிட்டு வந்தேன்."

வண்டியை நிறுத்து, நான் பார்க்கவே இல்லை. அதைச் சொன்னால் போதும். சொல் தொண்டை வரை வந்தது. வெட்கம் அதைப் பிடித்துக்கொண்டது.

"சும்மாதான் கூப்பிட்டேன். பார்த்துப் போம்மா."

போனை வைத்ததும் தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது. மறுபடி கூப்பிட்டான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

திரையில் வேகம் விழுந்தது. பூஜ்யம்.

இன்ஜின் நின்றது. ஆனால் திரையில் சூட்டின் எண் ஏறியது. எந்த இன்ஜினும் தொடாத சூடு. ஷெட்டில் பெட்ரோல் வாடை. பிறகு ரப்பர் கருகும் வாடை. அழி பட்டனை அழுத்தினான். அழுத்தினான். கட்டைவிரல் நகம் பிய்ந்து ரத்தம் வந்தது.

எண்கள் போய்ப் புது வரிகள் வந்தன.

கதவுகள்: பூட்டியிருக்கின்றன.

டிரைவர் பெல்ட்: மாட்டியிருக்கிறது.

பின் சீட் பெல்ட்: மாட்டியிருக்கிறது.

அந்தக் கடைசி வரி மட்டும் துடித்தது. விட்டு விட்டு, வேக வேகமாக, சின்ன விரல்கள் கொக்கியை அமுக்கி அமுக்கிப் பார்ப்பதுபோல.