பின்னால் வருபவள்

அந்தக் கட்டடத்தில் புறாக்கள் இல்லை. பல்கலைக்கழகத்தைச் சுற்றி அவளும் அண்ணனும் இதுவரை நுழைந்த பாழடைந்த இடங்களில் எல்லாம், பூட்டிப் போட்ட மாணவர் விடுதியிலும் சரி, கூரை சரிந்த அச்சகத்திலும் சரி, முதலில் மூக்கில் ஏறுவது புறா எச்சத்தின் நெடிதான். இங்கே ஜன்னல் கண்ணாடிகள் உடைந்து வெகுகாலம் ஆகியிருந்தது. வெளியே எதிர்ச் சுவரின் மேல் புறாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூட உள்ளே வரவில்லை. தரையில் ஓர் இறகுகூட இல்லை.

அதை அண்ணனிடம் சொல்ல வாயெடுத்தாள். பிறகு சொல்லவில்லை. அவன் மேல் அவ்வளவு கோபம்.

இந்த இடம் அவள் கண்டுபிடித்தது. நூலகத்தில் திரும்பி வரும் புத்தகங்களை வாங்கி முத்திரை குத்தும் மேசையில் அவளுக்கு வேலை. நிமிர்ந்தால் எதிர் ஜன்னலில் தெரிவது இந்தப் பழைய மருத்துவ விரிவுரைக் கூடம். காவலாளி எந்தப் பக்கம் சுற்றி வருகிறார், பின்புறக் கம்பிவலை எங்கே துருப்பிடித்து விட்டுப்போயிருக்கிறது என்று பொறுமையாகப் பார்த்து வைத்தவள் அவள். ஒரு நாள் சாப்பிடும்போது வாய் தவறி அண்ணனிடம் சொல்லித் தொலைத்தாள். அன்றைக்கே அவன் போனில் தன் கூட்டாளிகளிடம், "ஒரு இடம் கண்டுபிடிச்சிருக்கேன்டா" என்று பீற்றிக்கொண்டது பக்கத்து அறையில் இருந்த அவள் காதில் விழுந்தது.

வலையைத் தாண்டி உள்ளே இறங்கியதும், "இன்னைக்கு நான் முன்னாடி போறேன்" என்றாள்.

"நீயா? தரை கிரை உடைஞ்சு விழுந்துட்டா அம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?"

"நீ விழுந்தா மட்டும் நான் என்னத்தச் சொல்றதாம்?"

"நான் எலக்ட்ரீஷியன்டி. ஏணி மேலயே குடித்தனம் நடத்துறவன். நீ முத்திரை குத்துறவ." சிரித்தான். "மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத. போட்டோ போடுறப்ப உன் பேரையும் போடுறேன்."

உன் பேரையும். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் அவன் டார்ச்சை ஏந்திக்கொண்டு நடைபாதைக்குள் போய்விட்டான்.

உள்ளே போய்விட்டால் அவர்கள் பேசுவதில்லை. காலியான கட்டடத்தில் குரல் தெரு வரைக்கும் போகும். அதற்குப் பதில் ஒரு முறை வைத்திருந்தார்கள். முன்னால் போகிறவர் தரை கெட்டியாக இருந்தால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவார். பின்னால் இருப்பவர் ஒரு தட்டுத் தட்டினால், வருகிறேன், நீ போ என்று அர்த்தம். பதில் வராவிட்டால் முன்னால் இருப்பவர் ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது. திரும்பி வந்து பார்க்க வேண்டும். அச்சகத்து மாடியில் பலகை உடைந்து முழங்கால் கிழிந்த பிறகு அண்ணனே போட்ட விதி அது. மற்ற எதில் விளையாடினாலும் இதில் மட்டும் அவன் விளையாட மாட்டான்.

நடைபாதை நீளமாக இருந்தது. சாயங்கால வெளிச்சம் ஜன்னலோரத்தோடு நின்றுவிட்டது. அதற்கு அப்பால் ஈரச் சுண்ணாம்பின் வாடையும், அதற்கு அடியில் ஏதோ பழைய மருந்தின் இனிப்பான வாடையும் கலந்து வந்தன. அண்ணனின் டார்ச் வெளிச்சம் ஒரு வளைவில் திரும்பி மறைந்தது. இரண்டு தட்டுச் சத்தம் கேட்டது.

அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

தட்டமாட்டேன். நின்று பார். திரும்பி வா. வந்து, நீ முன்னாடி போடி என்று உன் வாயாலேயே சொல்.

ஒரு தட்டு கேட்டது.

அவள் தட்டவில்லை. அண்ணனின் காலடி மேற்கொண்டு உள்ளே நகர்ந்தது. எதிரொலி, என்று முதலில் நினைத்தாள். எதிரொலிகூட அவன் பக்கம் சேர்ந்துகொண்டதே என்று எரிச்சல் வந்தது. அப்புறம்தான் யோசித்தாள். இரண்டு தட்டின் எதிரொலி இரண்டாகத்தானே இருக்கும்? ஒருவேளை தானே அறியாமல் தட்டிவிட்டோமோ? கையைப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கைகளும் அக்குளுக்குள் இறுகிக் கிடந்தன.

மறுபடி இரண்டு தட்டு, இன்னும் உள்ளே இருந்து.

உடனே ஒரு தட்டு. நிதானமாக. சரியாக அவள் தட்டுகிற மாதிரி, விரல் முட்டியால். அவளுக்கும் அண்ணனுக்கும் நடுவில் இருந்து. அவளைவிட அவனுக்குப் பக்கத்தில் இருந்து.

அவனை நிறுத்த அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். பதில் சொல்லாமல் இருப்பது. அதைத்தான் யாரோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

"அண்ணா! நில்லு!"

குரல் சுவர்களில் மோதிக்கொண்டு ஓடியது. தூரத்தில் இருந்து அவன் எரிந்து விழுந்தான். "எதுக்குடி கத்துற? வாட்ச்மேன் வரணுமா? பின்னாடியே ஒட்டிக்கிட்டு வர்ற, இதுல கூச்சல் வேற. சட்டைய இப்படிப் பிடிச்சு இழுக்காத, படி வழுக்குது."

அவள் திரும்பி, வந்த வழியைப் பார்த்தாள்.

"அண்ணா. நான் இன்னும் வாசல்லதான் நிக்கிறேன்."

காலடிச் சத்தம் நின்றுவிட்டது. ஒரு மூச்சு மட்டும் கேட்டது. யாருடையது என்று தெரியவில்லை.

அவள் ஓடினாள். பயத்தைவிடக் கோபம்தான் அவளை ஓட வைத்தது. அண்ணன் மேல், தன் மேல், முட்டியால் தட்டிய அந்த எதுவோ அதன் மேல். என் தட்டை நீ எப்படித் தட்டலாம்? வளைவைத் திரும்பினாள். திறந்த கதவு. கிணறு மாதிரி வட்டமாகக் கீழே இறங்கும் விரிவுரைக் கூடம். படிப்படியாக பெஞ்சுகள். கூரைக் கண்ணாடியில் இருந்து சாம்பல் நிற வெளிச்சம்.

பாதிப் படியில் அண்ணன் நின்றான். முதுகு காட்டி. அசையாமல். டார்ச் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் சட்டையின் பின்பக்கம் ஒரு பிடிக்குள் சுருங்கி, மேல்படியை நோக்கி விறைப்பாக இழுபட்டு நின்றது. மேல்படியில் யாரும் இல்லை.

"நீதானே?" திரும்பாமலே கேட்டான். அவ்வளவு சின்னக் குரலில் அவன் பேசி அவள் கேட்டதே இல்லை. "நீதான்னு சொல்லேன்டி."

"திரும்பாதே."

அந்தப் படிகளில் இறங்க அவளுக்குக் கால் வரவில்லை. பக்கத்து பெஞ்சுகளின் மேல் ஏறி, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி, அவனைச் சுற்றிக் கீழே போய் முன்னால் நின்றாள். அவன் கையைப் பிடித்தாள். ஜில்லென்று இருந்தது. கீழ்த் தளத்தில், பேராசிரியர் மேசைக்குப் பின்னால், வெளியே திறக்கும் ஒரு சின்னக் கதவு. துருவேறியது. அவள் உதைத்தாள். திட்டிக்கொண்டே உதைத்தாள். அண்ணனை, நூலகத்தை, அவன் கூட்டாளிகளை, வாய்க்கு வந்த எல்லாவற்றையும். தாழ்ப்பாள் பெயர்ந்தது.

வெளியே தெரு. விளக்குகள் எரிந்தன. வகுப்பு முடிந்த மாணவர்கள் கூட்டமாக நடந்துகொண்டிருந்தார்கள். சைக்கிள் மணி. யாரோ சிரித்தார்கள்.

"விட்டுடுச்சா?" என்றான் அண்ணன்.

அவள் அவன் கையை விடாமல் நடந்தாள். எதிரே வந்தவர்கள் பேச்சை நிறுத்தாமலே ஒதுங்கி வழி விட்டார்கள். இரண்டு பேருக்கு வேண்டியதைவிட அதிகமாக இடம் விட்டு ஒதுங்கினார்கள்.

விளக்குக் கம்பத்தின் அடியில் அவனை நிறுத்தினாள். பின்னால் பார்த்தாள். சட்டை இன்னும் அதே பிடியில். இன்னும் விறைப்பாக.

"கழட்டு."

"ரோட்டுலயா?"

"கழட்டுன்னா கழட்டு!"

அவளே பொத்தான்களைப் பிய்த்தாள். ஒன்று தெறித்து ஓடியது. கைகளை உருவினாள். சட்டை ஒரு நொடி காற்றில் நின்றது. பிறகு தரையில் விழுந்தது. வெறும் துணியாகக் கிடந்தது.

அண்ணன் அழ ஆரம்பித்தான். சிரித்துக்கொண்டே அழுதான். "போச்சு. போயிடுச்சுல்ல? நீ இல்லன்னா நான்..." என்று முகத்தைத் துடைத்தான். "அடுத்த தடவை நீயே முன்னாடி போ. சத்தியமா."

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். திட்ட வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். அவன் வரவில்லை.

மறுபடி இழுத்தாள்.

அவன் சிரிப்பு நின்றது.

விளக்கு வெளிச்சத்தில் அவன் முதுகைப் பார்த்தாள். தோள்பட்டைகளுக்கு நடுவில், வெற்றுத் தோலில், ஐந்து குழிகள் மெதுவாக அமுங்கின. குழிகளுக்கு நடுவில் சதை திரண்டது. வெளுத்தது. துணியைப் போல மடிந்து, பின்னால் இழுபட்டு, அப்படியே நின்றது.