இருபத்தைந்தாவது தாள்

அச்சடித்த தாள்களைக் காயப்போடும் கொடியில் இருபத்து நான்கு தாள்கள்தான் இருக்க வேண்டும். வூட்டர் மறுபடி எண்ணினான். இருபத்தைந்து.

ஆண்ட்வெர்ப்பின் ஆற்றுப் பனி ஜன்னல் இடுக்கில் கசிந்து, ஆளிவிதை எண்ணெயும் கரியும் கலந்த மை வாசத்தோடு அச்சுக்கூடம் முழுக்கத் தேங்கி நிற்க, ஓரத்துத் தாள் மட்டும் காயாமல் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. பேரரசர் தடைசெய்த வேதப்புத்தகத்தின் முகப்பு. அதில் ஊரைக்கூட அவன் கொலோன் என்று பொய்யாகத்தான் போடுவான். அச்சடித்தவன் பெயர் வெளியே வந்தால் உயிரோடு எரித்துவிடுவார்கள். இந்தத் தாளின் அடியில் இருந்தது: வூட்டர் கெர்ஸ்டென்ஸ், கம்மன் தெரு, ஆண்ட்வெர்ப்.

பத்து வருடமாக அவனிடம் எழுத்துக் கோக்கும் லீவனிடம் நீட்டினான்.

"உன் வேலையா?"

"நான் கோத்தா இவ்வளவு கோணலாவா இருக்கும், முதலாளி?" என்று சிரித்த லீவன், பெயரைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான். "யார் கண்ணுலயும் படறதுக்குள்ள எரிச்சிடுங்க."

எரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் காலையும் கொடியில் ஓர் ஈரத்தாள். லீவனை அன்றே வேலையைவிட்டு அனுப்பினான்.

மூன்றாம் நாளும் தாள் தொங்கியது.

இனி வீட்டில் இருப்பது மனைவி அலெய்டிஸ் மட்டும். எழுத்தே தெரியாதவள். உண்மையில் தெரியாதா? மீன் வாங்கப் போனவளுக்கு ஏன் இத்தனை நேரம்? லீவனுக்காக ஏன் அப்படிப் பரிந்து பேசினாள்?

"அவனைத் துரத்தியாச்சு. இப்ப என்னை முறைக்கிறீங்க," என்றாள் ரொட்டியை வெட்டியபடி. "நானும் மூட்டை கட்டவா?"

மதியம் ஈய எழுத்துப் பெட்டிகள் அத்தனையையும் இரும்புச் சட்டியில் கவிழ்த்து உருக்கினான். பிழைப்பு போனாலும் தலை தப்பும். ஓர் எழுத்துகூட மிச்சமில்லை. இனி எதை வைத்து அச்சடிப்பார்கள்?

புகை படிந்த சட்டையைக் கழற்றித் தொட்டியில் குனிந்தான். தண்ணீர் அசைந்தது. அடங்கியது.

நெஞ்சில் ஏதோ கறுப்பாக.

எழுத்துகள். தண்ணீரில் அவன் பெயர் நேராகத் தெரிந்தது. அப்படியென்றால் உடம்பில் இடவலம் மாறி. அச்செழுத்தைப் போல.

தொட்டான். தோல் புடைத்திருந்தது. ஈயத்தின் குளிர். விரலில் மை.

பின்னால் காலடி. அலெய்டிஸ். இரு கைகளிலும் விரித்துப் பிடித்த வெள்ளைத்தாள், மை பிடிக்கும் பதத்துக்கு நனைத்தது.

"அசையாதீங்க," என்றாள், மிகுந்த அன்போடு. "மை இழுகிடும்."

ஈரத்தாள் நெஞ்சில் படிந்தது. அவள் அழுத்தினாள்.